பிரேமா, சக்கரமா?

1989ஆம் ஆண்டு டூர் தி பிரான்ஸ் பந்தயத்தின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கி.மீ. தனிநபர் நேரப் பந்தயம். 50 விநாடி முன்னிலையோடு புறப்பட்ட லோரான் ஃபிக்னானின் சைக்கிளில் முன்னும் பின்னும் ஆரங்கள் தெரியாமல் முழுவதும் மூடிய டிஸ்க் சக்கரங்கள். கிரெக் லெமாண்டுக்கோ பின்சக்கரம் மட்டுமே டிஸ்க். ஆனால், டிரையத்லான் வீரர்களிடமிருந்து வந்த ஏரோ பாரில் முழங்கைகளை ஊன்றி, உடலைக் குறுக்கி ஓட்டினார் அவர். டூரை 8 விநாடி வித்தியாசத்தில் லெமாண்ட் வென்றார். ஃபிக்னான் அன்று உடல் உபாதையோடுதான் ஓட்டினார் என்பதால் காரணம் ஒன்றே என்று சொல்ல முடியாது. என்றாலும், நல்ல பிரேம் வாங்குவதா, வேகமான சக்கரம் வாங்குவதா என்று யோசிக்கும் டிரையத்லான் வீரருக்கு அந்தப் பந்தயத்தில் பாடம் உண்டு.

இரண்டையும் ஒப்பிட அளவுகோல் காற்றுதான். சமதரையில் மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் மிதிப்பவரின் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. அந்தக் காற்றுத் தடையில் பெரும்பகுதி சைக்கிளால் வருவதல்ல, ஓட்டுபவரின் உடலால் வருவது. அயர்ன்மேன் டிரையத்லான் பந்தயத்தின் 180 கி.மீ. சைக்கிள் தூரத்திலும் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிச் செல்ல விதி இடம் தராது. எதிர்காற்றை அவரவரே தாங்க வேண்டும்.

டிரையத்லான் பிரேமின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரிகிறது. சாதாரண ரோடு பைக்கில் சீட் ட்யூப்பின் சாய்வு சுமார் 73 டிகிரி. டிரையத்லான் பிரேமில் 76 முதல் 80 வரை. சீட் முன்னே நகர்ந்துவிடுகிறது. ரோடு பைக்கில் ஏரோ பாரை மாட்டிக் குனிந்து பாருங்கள்: பெடல் மேலே வரும்போதெல்லாம் தொடை வயிற்றில் இடிக்கும், இடுப்பு மடங்கும், மூச்சு முட்டும். சற்று நேரத்தில் கைகள் தாமாகவே பழைய ஹேண்டிலுக்குத் திரும்பிவிடும், மார்பு மறுபடி காற்றுக்கு எதிரே நிமிரும். சீட் முன்னே வந்தால் இடுப்பு விரிந்து அதே குனிவு தாங்கக்கூடியதாகிறது. இறங்கியபின் 42.2 கி.மீ. ஓட வேண்டியவருக்கு இது பெரிய விஷயம்.

சக்கரத்தின் பலன் வேறு வகை. 60 மில்லிமீட்டர் ஆழமுள்ள ரிம்மும் பின்னால் டிஸ்க்கும் போட்டால், சாதாரணச் சக்கரத்தைவிட 40 கி.மீ.க்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் வரை மிச்சமாகலாம். மாட்டிய அன்றே பலன் கிடைக்கும். உடல் புதிதாக எதற்கும் பழக வேண்டியதில்லை. எடை குறைந்த சக்கரம்தான் வேகம் என்று பலர் நம்புகிறார்கள். சமதரைப் பாதையில் எடையைவிட ரிம்மின் வடிவமே முக்கியம். ஆனால் ஆழமான முன்சக்கரம் பக்கக் காற்றில் பாய்மரம்போல் இழுக்கும். ஹவாயின் கோனாவில் ஹாவி ஊரை நோக்கிச் செல்லும் சாலை இத்தகைய காற்றுக்குப் பேர்போனது. அங்கே நடக்கும் அயர்ன்மேன் பந்தயத்தில் டிஸ்க் சக்கரத்துக்கே பல ஆண்டுகள் தடை இருந்தது. ஹேண்டில் உதறும் பயத்தில் ஏரோ பாரை விட்டு நிமிர்ந்தால் சக்கரம் தந்த லாபம் அங்கேயே போய்விடும்.

பயன்பாட்டிலும் வித்தியாசம் உண்டு. பிரேம் தினசரிப் பயிற்சியிலும் உழைக்கும். விலையுயர்ந்த சக்கரத்தைப் பெரும்பாலோர் பந்தயத்துக்கு மட்டுமே எடுப்பார்கள். சக்கரத்தை அடுத்த சைக்கிளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் பக்கம் உள்ள வலுவான வாதம். ஆனால் ரிம் பிரேக் சக்கரம் டிஸ்க் பிரேக் பிரேமில் ஏறாது. அச்சின் அளவும் பொருந்த வேண்டும். பழைய ரிம் பிரேக் சைக்கிளுக்கு இன்று விலையுயர்ந்த சக்கரம் வாங்குபவர் இதை யோசிக்காமல் பணம் கட்டக்கூடாது.

ஆகவே என் தீர்ப்பு இது. இப்போதிருக்கும் சைக்கிளில் பந்தயத் தூரம் முழுவதும் கழுத்தோ இடுப்போ வலிக்காமல் ஏரோ பாரில் குனிந்திருக்க முடிகிறதென்றால் சக்கரம் வாங்குங்கள். பின்சக்கரத்தை ஆழமாகவும் முன்சக்கரத்தை அடக்கமாகவும் தேர்ந்தெடுங்கள். முடியவில்லையென்றால் பிரேம்தான் முதலில்; அதுவும் விலையைப் பார்த்தல்ல, உங்கள் உடலுக்குப் பொருந்தும் அளவைப் பார்த்து. எதை வாங்குவதானாலும், பைக் ஃபிட்டிங் தெரிந்த ஒருவரிடம் முதலில் உட்கார்ந்து அளவெடுத்துக்கொள்ளுங்கள். நல்ல டயருக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். கடைக்கு அதன்பிறகு போகலாம்.