மர விமானத்தில் ஈரக்காப்பு

வீட்டுப் பட்டறையில் கட்டப்படும் சிறு விமானங்களின் மரப் பாகங்களில் ஈரம் ஏறுவதைக் குறைக்கவும், ஏறிய ஈரம் தங்காமல் வெளியேறவும் செய்யப்படும் வேலைகளை ஈரக்காப்பு என்கிறோம். அமெரிக்காவின் மினசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல் 1920களின் இறுதியில் உருவாக்கிய ஏர் கேம்பர், 1948-இல் முதன்முதலாகப் பறந்த பிரான்சின் ஜோடெல் டி9, பீட் பவர்ஸ் வடிவமைத்த ஃபிளை பேபி போன்றவை இத்தகைய மர விமானங்களில் பெயர் பெற்றவை. இவற்றின் இறக்கைச் சுமையைத் தாங்குவது ஸ்பார் என்னும் நீள மர உத்தரம். அதற்கு சிட்கா ஸ்புரூஸ் மரமே நெடுங்கால வழக்கம்.

விமானத்துக்கு எடுக்கும் மரத்தின் ஈரப்பதம் பொதுவாக 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அது 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சை வளராது. ஈரம் ஏறினால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இந்த ஏற்ற இறக்கம் திரும்பத் திரும்ப நடந்தால் பசை மூட்டுகள் களைத்துப்போகும். பழைய விமானங்களில் பயன்பட்ட, பால் புரதத்திலிருந்து செய்த கேசீன் பசைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: ஈரம் பட்டால் அதிலேயே பூஞ்சை பிடிக்கும். பின்னால் வந்த ரிசார்சினால், எப்பாக்சி பசைகளுக்கு அந்தக் குறை இல்லை.

மரத்தின் பரப்பு முழுவதும் ஒரே வேகத்தில் நீரை உறிஞ்சுவதில்லை. குறுக்கே அறுத்த முனையில் நார்க்குழாய்கள் வாய் திறந்து நிற்பதால், பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக நீர் ஏறுகிறது. ஸ்பாரின் இரு நுனிகளும், போல்ட்டுக்காகத் துளைத்த ஓட்டைகளின் உட்சுவர்களும் இப்படிப்பட்டவையே. கைதேர்ந்தவர்கள் வழவழப்பான பக்கங்களுக்கு இரண்டு கை வார்னிஷ் அடித்தால், முனைகளுக்கு மூன்று நான்கு கை கொடுப்பார்கள். ஓட்டைக்குள் சிறு பஞ்சுத் திரியால் வார்னிஷைத் தடவிக் காயவிட்ட பிறகே போல்ட்டை நுழைப்பார்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஈரத்தில் எஃகு போல்ட் துருப்பிடித்து, சுற்றியுள்ள மரம் கறுத்து வலுவிழக்கும். பளபளக்கும் வெளிப்பூச்சைப் பார்த்து ஒரு விமானத்தை மதிப்பிடுவதைவிட, இந்த ஓட்டைகளைப் பார்த்து மதிப்பிடுவதே சரி.

எந்தப் பூச்சும் ஈரத்தை முழுமையாகத் தடுப்பதில்லை, அதன் வேகத்தை மட்டுமே குறைக்கிறது. விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள அமெரிக்க வனப்பொருள் ஆய்வகத்தின் சோதனைகளில், மூன்று கை அடித்த எப்பாக்சி, ஈரக்காற்றில் 14 நாள் வைத்த பிறகும் ஏறக்குறைய 90 சதவீதம் தடுத்தது. ஆளி விதை எண்ணெய் கிட்டத்தட்ட எதையுமே தடுக்கவில்லை. இரு கூறு எப்பாக்சி வார்னிஷுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இறக்கைமேல் துணி போர்த்தும்போது பயன்படும் பசையிலும், துணியை இறுக்கும் டோப் என்னும் பூச்சிலும் உள்ள கரைப்பான்கள் சாதாரண வார்னிஷைக் கரைத்துக் கிளப்பிவிடும். எப்பாக்சி வார்னிஷ் அவற்றுக்கு ஈடுகொடுக்கும்.

மூடிய பெட்டிபோல் அமையும் பகுதிகளில்தான் வேலை நுணுக்கமாகிறது. இறக்கையின் முன்விளிம்பைப் பிளைவுட் தகட்டால் மூடிவிட்டால், பிறகு உள்ளே தூரிகை போகாது. எனவே மூடுமுன்பே உட்புறம் பூசியாக வேண்டும். ஆனால் வார்னிஷ்மேல் பசை மரத்தைப் பிடிப்பதில்லை. அதனால் தகட்டை முதலில் வெறுமனே வைத்துப் பார்த்து, இறக்கைக்கு வடிவம் தரும் ரிப்புகளும் ஸ்பாரும் படும் கோடுகளைப் பென்சிலால் வரைந்து, அவற்றின்மேல் டேப் ஒட்டி, மற்ற இடமெங்கும் வார்னிஷ் அடிப்பார்கள். காய்ந்ததும் டேப்பை உரித்தால் பசைக்கு வேண்டிய பூச்சில்லாத மரக் கோடுகள் மிஞ்சும். டேப்பின் அகலத்தைக் கூட்டிவிட்டால் மூட்டின் ஓரத்தில் பூசாத மரம் நிற்கும், குறைத்தால் மூட்டுக்குள் வார்னிஷ் நுழையும். இரண்டில் பின்னதே மோசம்.

மூடிய அறை எவ்வளவு நன்றாகப் பூசப்பட்டாலும் வெப்பம் மாறும்போது உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வோர் அறையின் தாழ்ந்த இடத்திலும் வடிதுளை வேண்டும். விமானம் தரையில் நிற்கும் நிலையில் எது தாழ்வு என்பதே இங்கே கணக்கு. வால்சக்கர விமானத்தில் அது பெரும்பாலும் பின்பக்கமாக விழும். பறவை, குளவிக் கூடுகளும் பெயிண்டும் துளையை அடைத்துவிடுவது அடிக்கடி நடப்பதுதான்.

மறைவிடத்து ஈரத்தின் விலையை உலகம் 1931 மார்ச் 31 அன்று கண்டது. கன்சாஸ் மாநிலத்தில் ஃபாக்கர் எஃப்-10 பயணிகள் விமானத்தின் மர இறக்கை பறக்கும்போதே பிரிந்து, அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளர் நூட் ராக்னே உட்பட எட்டுப் பேரும் இறந்தனர். இறக்கைக்குள் புகுந்த ஈரம் பசை மூட்டுகளைத் தளர்த்தியதே காரணமாகக் கருதப்படுகிறது. பிளைவுட் தோலை உரிக்காமல் உள்ளே பார்க்க வழியில்லாதது அந்த வடிவமைப்பின் பெருங்குறை. வீட்டில் கட்டுபவர்கள் இறக்கையின் அடியில் சிறு மூடிகளுடன் சோதனைத் துளைகள் விடுவது இதனால்தான்.

அந்தத் துளைகள் வழியாக ஆண்டுச் சோதனையில் விளக்கும் கண்ணாடியும் விட்டு, கறுத்த கறை, உரிந்த வார்னிஷ், பூஞ்சை வாடை ஆகியவற்றைத் தேடுவார்கள். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினால் நல்ல மரம் கணீரென்றும் மக்கிய மரம் மந்தமாகவும் ஒலிக்கும். வறண்ட பருவத்தில் மரம் சுருங்கிப் போல்ட்டுகள் தளர்வதால் அவற்றையும் அப்போது இறுக்கிவைப்பார்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் வாஷருக்கு அடியில் நார் நசுங்கிப் பூச்சு வெடித்து, அந்த இடமே ஈரத்துக்குப் புது வழியாகிவிடும்.