அச்சிட்ட பிறகு வந்த தடுமாற்றம்

பயிற்சிக் கலாசாலையில் நுண்ணறிவு ஈவு பற்றிப் படித்தபோது ஜென்சன் என்ற பெயரை மனனம் செய்து பரீட்சை எழுதியதோடு சரி. அவரது கட்டுரையை வெளியிட்டவர்கள் பட்ட பாட்டை நாம் தேடிப் பார்க்கவில்லை.

'ஹாவர்ட் எடியுகேஷனல் ரிவியூ' என்ற கல்விச் சஞ்சிகையின் ஆசிரியர் பீடத்தில் இருப்பவர்கள் பேராசிரியர்கள் அல்லர், பட்டப்பின் படிப்பு மாணவர்கள். எதைப் போடுவது, எதைத் திருப்பி அனுப்புவது என்பது அவர்கள் கையில். 1969இல் அவர்கள் கேட்டு வாங்கிப் பிரசுரித்த ஆர்தர் ஜென்சனின் கட்டுரை 123 பக்கம். வறிய பிள்ளைகளுக்கான ஈடுசெய் கல்வி தோற்றுவிட்டது, நுண்ணறிவு பெரும்பாலும் பரம்பரையால் வருவது, கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளின் புள்ளி வித்தியாசத்திலும் பரம்பரைக்குப் பங்கிருக்கலாம் என்றெல்லாம் எழுதியிருந்தார். 'ஹெட் ஸ்டார்ட்' முன்பள்ளித் திட்டம் தொடங்கி அப்போது நான்கு வருடம்கூட ஆகவில்லை!

பெரும் எதிர்ப்பு. அடுத்த இதழிலேயே மறுப்புகள் வந்தன. ஜெரோம் கேகன் எழுதியது நமக்கு நன்றாக விளங்கும். உயரமும் பரம்பரையாக வருவதுதான். ஆனால் மத்திய அமெரிக்கக் கிராமங்களின் பூர்வகுடிப் பிள்ளைகள் நகரத்துப் பிள்ளைகளைவிடக் கட்டையாக இருப்பது சூழலாலும் நோயாலும். (தவணைப் புள்ளியைப் பார்த்து "இவன்ட மண்டையில ஏறாது" என்று ஸ்டாப் ரூமில் நாமும் சொன்னவர்கள்தான்.)

பிறகு அந்தக் குழு கட்டுரையின் தனிப்பிரதிகளைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. எழுதியவருக்கே கொடுக்கவில்லை. பின்னர் மறுப்புகளோடு சேர்த்து விற்றார்கள். இது நமக்குச் சரியாகப் படவில்லை. கேட்டு வாங்கியவர்கள் அவர்கள். கேகனையும் முன்கூட்டியே கேட்டு, அதே இதழில் பக்கத்திலேயே போட்டிருக்கலாம்.