பலன் சொல்லாத ஜாதகம்

சென்னைக் கலைப்பள்ளி முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர் 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறிகளும்' ஓவியங்களைத் தாம்பரத்துத் தோழர்களோடு கண்டபோது திடுக்கிட்டோம். கட்டங்கள், குறிகள், கணக்குகள், நெருங்கிய எழுத்துகள்! சோதிடன் விரித்த ஏடேதான். 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் சோழமண்டலம் ஓவியர் சிற்றூரை எழுப்பிய புதுமையாளர், பழமைக்குக் குடை பிடித்தாரோ?

அருகே சென்று படிக்க முயன்றோம். மலையாள எழுத்தின் சாயல் இருந்தது; எம்மொழியும் இல்லை. ஏழரைச் சனி எங்கே? செவ்வாய் தோஷம் எங்கே? எத்தனையோ பெண்களின் மணவாழ்வை மறித்த கட்டம், இங்கே வெறும் கோடும் வண்ணமுமாய் நிற்கிறது! சோதிடத்தைச் சாடவே வரைந்தார் என நாம் கூறோம். அது அவர் வாயில் நம் சொல்லைத் திணிப்பதாகும். அவர் நாடியது வடிவழகையே. ஆயினும் இந்த ஜாதகத்தை வைத்து எந்தச் சோதிடன் தட்சிணை கேட்பான்?