குருவி எங்கே தூங்குதுன்னு கவனிச்சவங்க

இன்னைக்கு எபிசோடை வேளச்சேரியில ஒரு மூணாவது மாடி பால்கனியில இருந்து ஆரம்பிக்கிறேன். என் மனைவி ஆறு வாரம் ஆன்சைட் போயிருக்கா. வீட்டுல இப்போ நான், ஒரு பூனை, அவ தொட்டியில வளர்க்குற முல்லைக் கொடி, ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னாடி வாடகை இல்லாம குடியிருக்குற ரெண்டு புறா.

போன வருஷம் இது அப்படியே தலைகீழ். மூணு மாசம் வெளியூர்ல இருந்தது நான். தினமும் ராத்திரி கால் பண்ணுவேன். புறா முட்டை வச்சிருக்கு, பூனை ஜன்னலை விட்டு நகரவே இல்ல, முல்லை மொட்டு விட்டிருக்குன்னு சொல்லுவா. நான் ஒரு கண்ணை லேப்டாப்ல வச்சுக்கிட்டு, "ம்ம், அப்புறம்?"னு கேட்பேன். அந்த "அப்புறம்"க்கு என்ன அர்த்தம்? 'இதெல்லாம் சரி, முக்கியமான விஷயம் ஏதாவது இருக்கா'ன்னு அர்த்தம். அதுக்கு நான் கட்டுற அபராதம்தான் இந்த எபிசோட்.

கேள்வி இதுதான். ஏறத்தாழ 2000 வருஷத்துக்கு முன்னாடி, தமிழ்நாட்டுல ஒருத்தர் வேலையாவோ போருக்கோ கிளம்பிப் போயிட்டா, வீட்டுல மிச்சம் இருந்தவங்களோட ஒரு சாதாரண நாள் எப்படி இருந்திருக்கும்?

அரசர்களைப் பத்தின்னா கல்வெட்டு இருக்கு, காசு இருக்கு. வீட்டைப் பத்தின்னா? கீழடியில கூரை ஓடு கிடைச்சிருக்கு, பானை ஓடு கிடைச்சிருக்கு, விளையாட்டுக் காய்கள் கிடைச்சிருக்கு. ஆனா அந்தக் கூரைக்கு அடியில சாயங்காலம் யார் வந்து தூங்கினாங்கன்னு மண்ணைத் தோண்டி எடுக்க முடியாது. அதுக்கு நம்மகிட்ட இருக்கறது பாட்டு மட்டும்தான்.

முதல்ல குறுந்தொகை. பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள்ள முடியற, சுமார் 400 சின்னப் பாட்டுகளோட தொகுப்பு. சுவடியில இருந்ததை 1915-ல சௌரிப்பெருமாள் அரங்கன் அச்சுல கொண்டுவந்தார். உ.வே.சா.வோட விரிவான பதிப்பு 1937-ல வந்தது. அதுல 46-ஆவது பாட்டு, எழுதினவர் பேரு மாமிலாடன். கணவன் ஊர்ல இல்ல. அவ தோழிகிட்ட பேசறா. எதைப் பத்தி? வீட்டுக் குருவியைப் பத்தி.

அந்தக் குருவியோட சிறகு வாடிப்போன ஆம்பல் பூ மாதிரி இருக்குங்கிறா. வீட்டு முன்னாடி காய வச்ச தானியத்தைச் சாப்பிடுது. அப்புறம் பொது இடத்துல கிடக்குற சாணப் பொடியில புரண்டு விளையாடுது. பொழுது சாய்ஞ்சதும் கூரை இறப்புல தன் குஞ்சுகளோட ஒதுங்கிடுது. இவ்வளவும் சொல்லிட்டு கடைசியா ஒரு கேள்வி: அவர் போன ஊர்ல இந்த மாதிரி சாயங்காலம், இந்த மாதிரி தனிமை எல்லாம் இருக்காதா?

அந்தப் புழுதி விஷயத்தைக் கொஞ்சம் கவனிங்க. குருவி மண்ணுல புரள்றது சும்மா விளையாட்டு இல்ல. இறகுல சேர்ற எண்ணெய்ப் பசையையும் பூச்சியையும் போக்க அது பண்ற மண்குளியல். பறவை ஆய்வாளர்கள் எழுதி வைக்கிற நடத்தை அது. எட்டு அடிகூட இல்லாத பாட்டுல அந்தக் குருவி என்ன சாப்பிட்டது, எங்க குளிச்சது, யாரோட தூங்குச்சுன்னு ஒரு முழு நாளும் இருக்கு. ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்தவங்களாலதான் இதைச் சொல்ல முடியும். அப்படி உட்கார்ந்து பார்க்கிறது யாரு? காத்திருக்கிறவங்க.

அடுத்தது நெடுநல்வாடை. நக்கீரர் பாடினது, 188 அடி. ராஜா போர்ப் பாசறையில, ராணி அரண்மனையில தனியா. ஊரெல்லாம் விடாத மழை, வாடைக் காத்து. அதுல ஒரு ஷாட் வருது, சினிமா மாதிரி. வீட்டுல வாழற ஆண் புறா, தன் ஜோடியோட இரை தேடப் போகல. மழை மூட்டத்துல பகலா ராத்திரியான்னு அதுக்குக் குழப்பம். கூரைக்குக் கீழ இருக்குற பலகையில நின்னுக்கிட்டு, கால் வலிக்க, ஒரு கால் மாத்தி ஒரு கால் மாத்தி வைக்குது. என் அவுட்டோர் யூனிட் புறா மழை நாள்ல செய்யறதும் இதேதான். நானே பார்த்தேன். ஆனா அதைப் பார்க்க நான் தனியா இருக்க வேண்டியிருந்துச்சு.

சரி, அவர் எப்போ வருவார்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்க? ஃபோன் இல்ல. நம்ம ஃபோன்ல நோட்டிஃபிகேஷன் வர்ற மாதிரி, அவங்களுக்குச் சேதி வீட்டைச் சுத்தி இருக்குற உயிர்கள்கிட்ட இருந்து வந்துச்சு. சுவத்துல பல்லி சத்தம் போட்டா நல்ல சகுனம்னு நற்றிணைப் பாட்டு ஒண்ணு ஆறுதல் சொல்லுது. முல்லைப்பாட்டுல வயசான பெண்கள் ஊருக்கு வெளிய போய் நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கும்பிட்டு, காதுல என்ன சொல் விழுதுன்னு காத்து நிக்கிறாங்க. அப்போ ஒரு இடையர் பெண், குளிர்ல கையைக் கட்டிக்கிட்டு, தாயைத் தேடித் தவிக்கிற கன்னுக்குட்டிக்குச் சமாதானம் சொல்றா: மேய்க்கிறவங்க ஓட்டிட்டு வர்றாங்க, உன் அம்மா இப்போ வந்துடும்னு. அவ பேசினது கன்னுக்குட்டிகிட்ட. இவங்க அதை வீட்டுல அழுதுட்டு இருக்குற பொண்ணுக்கான சேதியா எடுத்துக்கிட்டுத் திரும்பறாங்க.

காக்கா கத்தினா விருந்தாளி வருவாங்கன்னு நம்ம பாட்டி சொல்றது குறுந்தொகை 210-லயே இருக்கு. பாடினவங்க நச்செள்ளையார். கணவன் திரும்பி வந்து தோழிகிட்ட, 'நான் இல்லாதப்போ அவளை நல்லா பார்த்துக்கிட்ட'ன்னு நன்றி சொல்றான். அவ அதைக் காக்கா பக்கம் தள்ளி விடறா. நீங்க வருவீங்கன்னு கத்தின காக்காவுக்கு, நள்ளியோட காட்டு இடையர்கள் தர்ற நெய்யையும் தொண்டி நெல்லுச் சோறையும் கலந்து ஏழு பாத்திரம் வச்சாலும் கொஞ்சம்தான்ங்கிறா. இந்தப் பாட்டுக்கு அப்புறம் அந்தப் புலவருக்கே காக்கைபாடினியார்னு பேரு வந்துடுச்சு.

செடிகொடிதான் காலண்டர். மழைக்காலத்துக்குள்ள வந்துடறேன்னு சொல்லிட்டுப் போறது வழக்கம். கொன்றை பூத்தா கெடு முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். குறுந்தொகை 66-ல அது பூத்தேவிடுது, ஆளைக் காணோம். தோழி உடனே ஒரு பொய்யை எடுத்து விடறா: இந்தக் கொன்றை மரத்துக்கு அறிவே இல்லடி, ஏதோ பருவம் தப்பின மழையைக் கார்காலம்னு நம்பிப் பூத்துத் தொலைச்சிடுச்சு! டெட்லைன் தப்பினதுக்கு மரத்து மேல பழி. நம்ம ஸ்டாண்ட்-அப் மீட்டிங்ல கேட்காத சாக்கா?

இப்போ ஒரு நியாயமான சந்தேகம். இதெல்லாம் பாட்டுதானே, வரலாறா? இது யாரோட டைரியும் இல்ல. காத்திருக்கிற பெண், ஆறுதல் சொல்ற தோழி, இவங்கல்லாம் அகத்திணை மரபுல திரும்பத் திரும்ப வர்ற பாத்திரங்கள். பெண் குரல்ல இருக்குற பல பாட்டை ஆண்களே எழுதியிருக்காங்க. அதனால 'சங்க காலப் பெண் இப்படித்தான் ஏங்கினா'ன்னு இதை வச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

ஆனா டெம்ப்ளேட் வேற, அதுக்குள்ள போடற டேட்டா வேற. பிரிவுத் துயரம் டெம்ப்ளேட். குருவி இறப்புல தூங்குதுங்கிறது டேட்டா. கேட்டுட்டு இருந்த ஆட்கள் ஒவ்வொருத்தர் வீட்டுலயும் குருவி இருந்திருக்கும். அதைத் தப்பாச் சொன்னா சபையில சிரிச்சிருப்பாங்க. புலவர் நிரூபிக்க நினைக்காம, போற போக்குல சொல்லிட்டுப் போன விஷயம்ங்கறதாலதான் அதை நான் அதிகம் நம்பறேன். முற்றத்துல தானியம் காய்ஞ்சது, பொது இடத்துல சாணம் பொடியாக் கிடந்தது, இறப்புல பறவைக்கு இடம் இருந்தது. நமக்குக் கிடைச்ச இந்த வீட்டுச் சித்திரம், காத்திருக்கிறவங்களோட கண்ணு வழியா வந்தது.

போனவங்க பக்கமும் ஒண்ணு சொல்லணும், இல்லன்னா ஒருதலைப்பட்சம். அகநானூறு 4-ஆவது பாட்டுல ஒருத்தன் வீடு திரும்பிட்டு இருக்கான். பூத்த சோலையில வண்டுங்க ஜோடியா இருக்கு. தேர் மணிச் சத்தத்துல அதுங்க பதறிடுமோன்னு மணியோட நாக்கை இழுத்துக் கட்டிட்டு வரானாம். இது நடந்ததான்னு நான் கேட்க மாட்டேன். ஆனா ஊருக்குப் போனவன் எப்படி இருக்கணும்னு அந்தப் புலவர் ஆசைப்பட்டார்னு தெரியுது. வண்டு மேல இருக்குற அக்கறைதான் வீட்டுல இருக்கிறவ மேலயும் இருக்குங்கிறதுக்குச் சாட்சி.

46-ஆவது பாட்டுக்கே திரும்பறேன். அவ 'எனக்குக் கஷ்டமா இருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொல்லல. குருவி சாப்பிட்டுச்சு, குளிச்சுது, தூங்கப் போச்சு, உங்க ஊர்ல சாயங்காலமே கிடையாதா? அவ்வளவுதான். போன வருஷம் என் மனைவி தினமும் ராத்திரி எனக்குச் சொன்னதும் அதேதான். முட்டை வச்சிருக்கு, மொட்டு விட்டிருக்கு. அதுதான் முக்கியமான விஷயம். நான்தான் அதுக்கு மேல வேற எதையோ எதிர்பார்த்து 'அப்புறம்?'னு கேட்டுட்டு இருந்தேன்.

நேத்து ராத்திரி கால்ல, புறாக் குஞ்சு முதல் தடவையா யூனிட் விளிம்பு வரைக்கும் நடந்து வந்த கதையை ரொம்ப ஆர்வமா ஆரம்பிச்சேன். அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் கேட்டுச்சு. பாதியில அவ சொன்னா: "ம்ம், அப்புறம்?"

வாங்கிக்க வேண்டியதுதான். முழுக் கதையையும் மறுபடி முதல்ல இருந்து சொன்னேன்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே. அதுவரைக்கும், வீட்டுல இருந்து யாராவது பூனை கதை சொன்னா, லேப்டாப்பை மூடிட்டுக் கேளுங்க.