வெள்ளை விளக்கின் வேலை

கப்பல் விளக்குகளின் வரலாறு என்றாலே சிவப்பும் பச்சையும்தான் பேசப்படுகின்றன. நீராவிக் கப்பல்களுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்று 1848இல் பிரிட்டன் விதித்ததே இரவுக் கடலின் பெரிய திருப்பம் என்பது பொதுக்கருத்து. வெள்ளை விளக்கை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதே விதி முன்பாய்மரத்தின் உச்சியில் ஒரு வெள்ளை விளக்கையும் கேட்டது. 1858இல் பாய்க்கப்பல்களுக்கும் பக்க விளக்குகள் வந்தன. உச்சி விளக்கு மட்டும் வரவில்லை. காற்றை நம்பி ஓடும் கப்பல் நினைத்தபடி திரும்ப முடியாது, எந்திரக் கப்பல்தான் வழிவிட வேண்டும். ஆகவே எதிரே வருவது எந்த வகைக் கப்பல் என்று அறிவிக்கும் பொறுப்பு வெள்ளைக்கே வந்தது. பாயில் மட்டும் ஓடும் படகு இன்றும் அந்த உச்சி விளக்கை ஏற்றுவதில்லை.

நங்கூரமிட்ட கப்பலிலும் வெள்ளை, பின்புறத்திலும் வெள்ளை, துடுப்புப் படகுக்காரர் காட்டும் டார்ச்சும் வெள்ளை. இப்படி எங்கும் இருப்பது எதைத்தான் சொல்லும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெள்ளையின் பொருள் நிறத்தில் இல்லை, அது இருக்கும் இடத்திலும் தெரியும் கோணத்திலும் இருக்கிறது. உச்சி விளக்கு முன்பக்கமாக 225 பாகை வரை தெரியும். பக்க விளக்குகள் இரண்டும் ஆளுக்கு 112.5 பாகையாக அதே பரப்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மீதி 135 பாகை பின்விளக்குக்கு. நெருங்கிய பிறகும் நிறம் எதுவும் தெரியாமல் தாழ்வாக ஒரு வெள்ளை மட்டும் தெரிந்தால், முன்னால் போகும் கப்பலின் பின்புறமோ, நங்கூரமிட்ட கப்பலோ, சிறு படகோ அங்கே இருக்கிறது. எதுவானாலும் தள்ளிப் போவதே முறை. வியப்பு என்னவென்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டு விதிகள் நிலையான பின்விளக்கைக் கட்டாயமாக்கவில்லை. பின்னால் வருபவருக்கு வெள்ளை விளக்கையோ தீப்பந்த ஒளியையோ காட்டினால் போதும் என்று விட்டிருந்தன. 1948இல் திருத்தப்பட்டு 1954இல் நடப்புக்கு வந்த விதிகளே அந்த ஓட்டையை அடைத்தன.

இருந்தாலும் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்பதை நிறம்தானே சொல்கிறது? சொல்கிறது, கிட்டே வந்த பிறகு. நிறக் கண்ணாடி ஒளியில் பெரும்பங்கை விழுங்கிவிடும். அதனால்தான் 1863 விதிகள் உச்சி விளக்குக்கு 5 மைலும் பக்க விளக்குகளுக்கு 2 மைலும் கேட்டன; இன்று 50 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்களுக்கு அவை 6, 3 கடல் மைல்கள். தவிர, ஆண்களில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒருவருக்குத் தடுமாற்றம் தருவது இந்தச் சிவப்பும் பச்சையுமே. மாலுமிகளுக்கு நிறப்பார்வைச் சோதனை வந்ததும் இதனால்தான். 1948 திருத்தம் பெரிய எந்திரக் கப்பல்களுக்கு இரண்டாவது உச்சி விளக்கையும் கட்டாயமாக்கியது. முன்னது தாழ்வாக, பின்னது உயரமாக. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் கப்பல் நேராக நம்மை நோக்கி வருகிறது. தாழ்ந்தது இடப்புறம் விலகியிருந்தால் அது நம் இடப்புறமாகப் போகிறது. நிறச் சோதனையில் தோற்றவர்கூட இந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகளை, பக்க விளக்குகள் கண்ணில் படுவதற்கு மூன்று மைல் முன்பே, பிழையின்றிப் படித்துவிடுவார்.