தோற்றவர் காதுக்கு வெடிக்கும் வெடி

தீபாவளிக்கு வெடிக்கும் பட்டாசுக்கும் கிரிக்கெட் வெற்றிக்கு வெடிக்கும் பட்டாசுக்கும் மருந்தில் வேறுபாடு கிடையாது; இரண்டும் பெரும்பாலும் விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில், ஒரே ஆலையில், ஒரே கைகளால் செய்யப்படுபவை. ஆயினும் தீபாவளி வெடி அவரவர் வாசலில் அவரவர் மகிழ்ச்சிக்காக வெடிப்பது. ஆட்டம் முடிந்ததும் தெருவில் வெடிப்பதோ எதிரணியின் ரசிகர் காதில் விழவேண்டும் என்பதற்காகவே வெடிப்பது. வெடியை இவ்வாறு ஒருவரை நோக்கிச் சொல்லும் சொல்லாக மாற்றியவர் யார், எப்போது மாற்றினார் என்று தேடினால், விளையாட்டு ரசிகர் இந்த வழக்கத்தின் தொடக்கக்காரர் அல்லர் என்பதும், அவர் அதைக் கோயில் திருவிழாவிடமிருந்தும் தேர்தலிடமிருந்தும் திரையரங்கிடமிருந்தும் பெற்றுக்கொண்ட கடைசி வாரிசு என்பதும் தெரியவரும்.

தொழிலின் வரலாறு பலரும் அறிந்ததே என்பதால் சுருக்கமாகச் சொன்னால் போதும். மழை குறைந்த, வேளாண்மை பொய்த்த கரிசல் சீமையில், 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். 1922இல் வெளிநாட்டுத் தீப்பெட்டியின் மீது இறக்குமதி வரி உயர்ந்திருந்தது அவர்களுடைய முயற்சிக்குக் கைகொடுத்தது. தீப்பெட்டிக்கு ஒட்டுப்படம் தேவைப்பட்டதால் அச்சகங்கள் வந்தன. இரண்டாம் உலகப்போரால் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றுபோனதும், 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் உரிமம் பெற்று ஆலை நடத்த வழி வகுத்ததும் பட்டாசுத் தொழிலை வேரூன்றச் செய்தன. நாட்டின் பட்டாசு உற்பத்தியில் ஏறத்தாழ 90 விழுக்காடு இன்று இவ்வட்டாரத்தைச் சேர்ந்ததாகக் கணக்கிடப்படுகிறது. விளையாட்டு ரசிகருக்குச் சுவரொட்டிப் படத்தையும், பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் வீரர் முகம் பதித்த நோட்டுப் புத்தக அட்டையையும் அச்சிட்டுக் கொடுத்த ஊரே வெடியையும் கொடுத்தது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

வாணவேடிக்கை தென்னாட்டிற்குப் புதியதன்று. விஜயநகரத்தின் மகாநவமி விழாவில் நடந்த வாணவேடிக்கையைப் பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் 15ஆம் நூற்றாண்டிலேயே பதிவுசெய்திருக்கிறார். ஆனால் அது அரசனும் கோயிலும் நடத்த, மக்கள் பார்த்து வியந்த காட்சி. மலிவான பட்டாசு சிவகாசியிலிருந்து சிற்றூர்க் கடைவரை சென்று சேர்ந்த பிறகுதான் பத்துப்பேர் காசு சேர்த்துத் தாங்களே ஒரு வெற்றியை ஊருக்கு அறிவிப்பது இயல்வதாயிற்று. எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன் இருவரின் ரசிகர் மன்றங்கள் இந்த வாய்ப்பை முதலில் முழுமையாகப் பயன்படுத்தின. தம் நாயகரின் படம் வெளியாகும் நாளில் திரையரங்க வாசலில் சரவெடி கொளுத்துவது படத்தை வரவேற்பதற்கு மட்டுமன்று, அடுத்த தெருத் திரையரங்கில் மற்றவர் படம் பார்க்கக் காத்திருப்பவரைச் சீண்டுவதற்கும்தான். கட்அவுட், பாலாபிஷேகம், ‘தல’, ‘தளபதி’ எனப் பட்டம் சூட்டுதல், எதிர்த்தரப்பைக் கிண்டல் செய்யும் ‘கலாய்ப்பு’ ஆகிய அனைத்தும் பிற்காலக் கிரிக்கெட் ரசிகருக்கு இந்த மன்ற மரபிலிருந்து வந்த சீதனம் எனலாம்.

தேர்தல் வெற்றியும் அவ்வாறே கொண்டாடப்பட்டது. 1967 சட்டமன்றத் தேர்தலில், தாம் பிறந்த ஊரான விருதுநகரிலேயே காமராசர், தி.மு.க.வின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கு வேறுபாட்டில் தோற்றார். அத்தோல்வியைக் கேட்டு வென்ற கட்சியின் தலைவரான அண்ணாவே வருந்தினார் என்பது தமிழக அரசியலில் பலமுறை எடுத்துச் சொல்லப்படும் செய்தி. வென்றவர் தோற்றவரை எப்படி நடத்துவது என்ற கேள்வி இப்பகுதிக்கு விளையாட்டு வழியாக வந்ததன்று.

கிரிக்கெட்டுக்குப் பட்டாசு எப்போது இன்றியமையாததாயிற்று என்பதற்கு 1983 ஜூன் 25ஆம் நாளை எல்லைக்கோடாகக் கொள்வதில் தவறில்லை. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் கபில்தேவ் அணி மேற்கிந்தியத் தீவுகளை வென்றபோது இந்தியாவில் நள்ளிரவு நெருங்கியிருந்தது. தொலைக்காட்சி பரவாத தென்மாவட்டங்களில் வானொலி வருணனையே ஆட்டத்தைக் கொண்டுவந்தது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு இந்தியத் தெருக்களில் ரசிகர் பகை கிடையாது. ஆகவே அன்றைய கொண்டாட்டத்தில் யாரையும் சீண்டும் நோக்கம் இருந்திருக்க வழியில்லை. சீண்டல் புகுந்தது பாகிஸ்தானுடனான ஆட்டங்களில்தான். 1986இல் ஷார்ஜாவில் கடைசிப் பந்தில் மியான்தாத் அடித்த சிக்ஸர், 1996இல் பெங்களூர் உலகக்கோப்பைக் காலிறுதி என்று இரு தரப்பிலும் கணக்கு ஏறிக்கொண்டே போக, தொலைக்காட்சி அந்தக் கணக்கை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது.

இந்த உணர்வை வணிகம் எவ்வளவு துல்லியமாகப் படித்திருந்தது என்பதற்கு 2015 உலகக்கோப்பையை ஒட்டி ஸ்டார் ஸ்போர்ட்ஸ் வெளியிட்ட ‘மௌகா மௌகா’ விளம்பரம் சான்று. ‘மௌகா’ என்றால் வாய்ப்பு. உலகக்கோப்பையில் தம் அணி இந்தியாவை வென்றால் வெடிக்கலாம் என்று 1992இல் ஒரு பாகிஸ்தான் ரசிகர் பட்டாசு எடுத்துவைக்கிறார். ஒவ்வொரு உலகக்கோப்பையிலும் தோல்வியே வர, ஆளுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, பட்டாசுப் பெட்டி மட்டும் பிரியாமல் இருக்கிறது. எதிரணி ரசிகரைக் கோமாளியாக்கும் விளம்பரம் என்றபோதிலும், அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் அந்த மனிதர்மீது ஒரு துளி இரக்கமும் கொண்டார்கள் என்பதே அதன் வெற்றிக்குக் காரணம். எதிரியும் தம்மைப்போலவே பெட்டி வாங்கி வைத்துக் காத்திருப்பவன் என்பதை இந்திய ரசிகர் அங்கே கண்டார்.

அந்த இரக்கம் நீடிக்கவில்லை. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் பாகிஸ்தான் 10 விக்கெட் வேறுபாட்டில் இந்தியாவை உலகக்கோப்பை ஆட்டமொன்றில் முதன்முறையாக வென்றபோது, இந்தியாவின் சில பகுதிகளில் பட்டாசு வெடித்ததாகச் செய்தி பரவியது. தீபாவளிக்குத் தடை, பாகிஸ்தான் வெற்றிக்கு மட்டும் பட்டாசா என்ற பொருளில் வீரேந்தர் சேவாக் சமூக ஊடகத்தில் கேட்டார். கௌதம் கம்பீரும் கண்டித்தார். ஆக்ராவில் கல்லூரி மாணவர் சிலர் எதிரணியைப் பாராட்டிச் செய்தி பகிர்ந்ததற்காகக் கைதாயினர். தோல்விக்குப் பந்துவீச்சாளர் முகமது ஷமியின் மதத்தைக் காரணமாக்கி வசைபாடியவர்களை அணித்தலைவர் கோலி வெளிப்படையாகக் கண்டிக்க நேர்ந்தது. வெடிச்சத்தம் யாருடைய வீட்டு வாசலிலிருந்து வந்தது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும் நிலைக்கு ரசிகர் சமூகம் வந்துசேர்ந்தது, இந்த வழக்கத்தின் வரலாற்றிலேயே அருவருப்பான பகுதி.

இதற்கு மறுபக்கமாகச் சென்னை சேப்பாக்கம் எப்போதும் எடுத்துக்காட்டப்படுகிறது. 1999 ஜனவரி 31 அன்று பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டில் 271 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா, முதுகுவலியோடு ஆடிய டெண்டுல்கரின் 136 ரன்களுக்குப் பிறகும் 12 ரன் வேறுபாட்டில் தோற்றது. கடைசி நான்கு விக்கெட்டுகள் நான்கே ரன்களுக்குள் வீழ்ந்தன. அதே மாதம் டெல்லியில் இத்தொடரை எதிர்த்து ஆடுகளத்தைத் தோண்டியவர்கள் இருந்தனர். சேப்பாக்கத்திலோ கூட்டம் எழுந்து நின்று கைதட்ட, வாசிம் அக்ரம் அணி மைதானத்தை வலம்வந்தது. அந்தப் பெருமை உண்மையானது. எனினும் அதைத் தமிழ் ரசிகரின் மாறா இயல்பாக எழுதுவது மிகை. இலங்கைத் தமிழர் துயரத்தை முன்னிட்டு 2013இல் முதலமைச்சர் ஜெயலலிதா எதிர்ப்புத் தெரிவித்ததால், அவ்வாண்டு சென்னையில் நடந்த ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர் எவரும் களமிறங்கவில்லை. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின்போது மைதானத்திற்குள் காலணி வீசப்பட்டு, சென்னை சூப்பர் கிங்ஸ் தன் உள்ளூர் ஆட்டங்களைப் புனேவுக்கு மாற்றியது. சுமார் ஆயிரம் ரசிகர்கள் ‘விசில் போடு’ என்று பெயரிட்ட தனி ரயிலில் பின்தொடர்ந்தனர். 2022 அக்டோபரில் அரியலூர் மாவட்டத்தில், ஒரே இந்திய அணியின் இரு நட்சத்திரங்களில் எவர் உயர்ந்தவர் என்று நண்பரிடையே தொடங்கிய வாக்குவாதம் கொலையில் முடிந்தது. தமிழ் ரசிகரின் பெருந்தன்மை சில நாட்களில் வெளிப்பட்டது, சில நாட்களில் வெளிப்படவில்லை என்பதே சரியான கூற்று.

ஐ.பி.எல். 2008இல் தொடங்கியபின் எதிரி நாடு என்பது எதிரி நகரமாகச் சுருங்கியது. காவிரியால் முன்பே கசந்திருந்த சென்னை–பெங்களூரு உறவு, மஞ்சள்–சிவப்புச் சட்டைகளின் பகையாக உருமாறியது; ‘இந்த ஆண்டு கோப்பை நமதே’ என்ற பெங்களூரு ரசிகரின் கன்னட முழக்கம் பல பருவங்கள் சென்னைக்காரரின் கலாய்ப்புக்குத் தீனியாக இருந்தது. 2025 ஜூன் 3 அன்று அந்த அணி கோப்பையை வென்றது. மறுநாள் பெங்களூருவின் சின்னசாமி மைதானத்திற்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தனர். சென்னை அணி அவ்வாண்டு பத்தாம் இடத்தில், அதாவது கடைசியில் முடிந்திருந்தது.

இந்தப் பகைகளில் எதற்கும் சிவகாசி தரப்பு எடுத்ததில்லை. எடுக்க அதற்கென்று ஓர் அணியும் இல்லை. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் எட்டு அணிகளோடு தொடங்கியபோது, மதுரை, தூத்துக்குடி, காரைக்குடி என விருதுநகர் மாவட்டத்தைச் சுற்றியிருந்த சில ஊர்களுக்கு அணி கிடைத்தது, நடுவிலிருந்த மாவட்டத்திற்குக் கிடைக்கவில்லை. அருகிலுள்ள தீப்பெட்டி நகரமான கோவில்பட்டியோ கிரிக்கெட்டைவிட ஹாக்கிக்குப் பெயர்பெற்றது. சிவகாசிக் கடைக்காரர் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஒரே விலை சொல்லுவார்.

நிறங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வானவெடியின் நிறம் அதில் சேரும் உலோக உப்பைப் பொறுத்தது: சோடியம் மஞ்சளையும், ஸ்ட்ரான்சியம் சிவப்பையும், பேரியம் பச்சையையும், தாமிரம் நீலத்தையும் தரும். மஞ்சள் எளிது, சிவப்பும் எளிது. நீலத்தைத் தரும் தாமிரச் சேர்மம் கூடுதல் சூட்டில் சிதைந்துவிடுமாதலால், இந்திய அணியின் சட்டை நிறமே வாணக்கலையில் கொண்டுவர மிகக் கடினமான நிறம். பச்சையின் கதை வேறு: பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று அளித்த தீர்ப்பில் தடை விதித்தது, 2023 செப்டம்பரில் அதை மீண்டும் உறுதிசெய்தது.

அதே தீர்ப்பு சரவெடியையும் தடைசெய்தது. சரவெடி என்பது சிறு வெடிகளின் திரிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பின்னிய மாலை. ஆயிரம் வெடி கொண்டது ஆயிரம் வாலா எனப்படும். பின்னல் வேலையைப் பெரும்பாலும் பெண்கள் எண்ணிக்கைக் கூலிக்குச் செய்துவந்தனர். ரசிகருக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு வேறில்லை, ஏனெனில் ஒற்றை அணுகுண்டு வெடித்தால் எதற்கென்று தெரியாது, பத்தாயிரம் வாலாவோ எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தும்வரை ஓயாது.

சட்டத்திற்கும் ரசிகருக்கும் உள்ள முரண், நிறத்தையும் சரத்தையும்விடக் கடிகாரத்தில்தான் கூர்மையாகத் தெரிகிறது. 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல் என்ற ஒலி வரம்பு 1999இல் வந்தது. இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலியெழுப்பும் பட்டாசு வெடிக்கக்கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. ஐ.பி.எல். இரவு ஆட்டமோ ஏழரைக்குத் தொடங்கிப் பெரும்பாலும் பதினொரு மணியை ஒட்டி முடிவது. 2011 ஏப்ரல் 2 அன்று உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் தோனி அடித்த சிக்ஸரும் பத்து மணிக்குப் பிந்தியதே. ஆகவே தெருவில் வெடித்த வெற்றிப் பட்டாசுகளில் பெரும்பகுதி விதிப்படி வெடிக்கக்கூடாத நேரத்தில் வெடித்தவை. அதற்காக வழக்குப் பதிவது அரிது. 2023 உலகக்கோப்பையில், காற்று மாசைக் காரணம் காட்டி மும்பை, டெல்லி ஆட்டங்களில் வாணவேடிக்கை இராது என்று கிரிக்கெட் வாரியமே அறிவித்தது. நவம்பர் 2இல் மும்பையில் இலங்கை 55 ரன்னுக்குச் சுருண்டபோதும் மைதானத்தில் வாணம் எழவில்லை. அவ்வாண்டு தீபாவளி நவம்பர் 12. இறுதியாட்டம் ஒரு வாரம் கழித்து அகமதாபாத்தில் நடந்தது, இந்தியா ஆஸ்திரேலியாவிடம் தோற்றது.

வட இந்திய நகரங்களில் பட்டாசுக் கடைகள் பெரும்பாலும் தீபாவளியை ஒட்டித் தற்காலிக உரிமத்தில் திறப்பவை. சிவகாசியில் ஆண்டு முழுதும் கடை உண்டு, ஆயினும் ஐ.பி.எல். நடக்கும் மார்ச் இறுதிமுதல் மே முடியவுள்ள மாதங்கள் அங்கே விற்பனையைவிட உற்பத்திக்கு உரியவை. வெயில் ஏறினால் சரக்கு நன்றாகக் காயும். அதே வெயிலில் மருந்துக் கலவை சிறு உராய்விலும் பற்றும் அபாயம் கூடும் என்பதால், கலவை வேலையை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டுமென்பது ஆலை முறை. கூடுதல் உற்பத்திக்காக அம்முறை மீறப்படும்போது நேர்பவற்றை விபத்து என்று சொல்வதே சலுகை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த ஆலை வெடிப்பில் 38 பேருக்குக் குறையாமல் இறந்தனர். அது தீபாவளி உற்பத்தி முடுக்கிவிடப்பட்ட காலம். 2024 மே 9 அன்று சிவகாசிக்கு அருகே செங்கமலப்பட்டியில் ஆலை வெடித்தபோது இறந்தவர்களில் பெண்களே மிகுதி, அவ்வாண்டு ஐ.பி.எல். மார்ச் 22இல் தொடங்கி மே 26 வரை நடந்தது.