கணனிவழிப் படவரைவில் தாமதம்: பூனாகலை மலைநிலத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

படவரைஞர் ஒருவர் தாளின்மேல் மைக்கோல் கொண்டு கோடு இழுத்த காலத்தில், கை அசைந்த கணமும் கோடு தோன்றிய கணமும் ஒன்றாகவே இருந்தன. தொழில் மெதுவாக நடந்தது. ஆயின் கருவி தாமதிக்கவில்லை. கணனி வந்தபின் தொழில் விரைவுற்றது. கருவியோ தாமதிக்கத் தொடங்கிற்று. நிலைகாட்டி கையின் பின்னே இழுபட்டு வருவதும், கட்டளையைத் தட்டிவிட்டுத் திரையை நோக்கி வாளாவிருப்பதும் இன்று இத்தொழிலில் உள்ளார் யாவரும் அறிந்தவை. இத்தாமதம் எவ்வாறு தோன்றிற்று, காலந்தோறும் எவ்வழிகளால் தீர்க்கப்பட்டது, அவ்வழிகளுள் எவை பூனாகலை போன்ற மலைநிலத்துக்குப் பொருந்துவன, எவை அங்குத் தீங்கு பயக்கக்கூடியன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூனாகலையை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. பதுளை மாவட்டத்தின் தென்விளிம்பில், மத்திய மலைநாடு திடீரென்று தாழ்நிலத்தை நோக்கிச் சரியுமிடத்தில் அமைந்த தோட்டப்பகுதி அது. லிப்டன் ஆசனம் என வழங்கும் காட்சிமுனை பூனாகலை மலையின்மேல் உள்ளது. பூனாகலை ஓயாவே கீழே கொஸ்லந்தைக்கு அருகில் 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்ந்து தியலும அருவியாகிறது. இத்தகைய நிலத்தைப் படமாக வரைவோருக்குச் சமவுயரக் கோடுகளே பெருஞ்சுமை. தோட்ட வீடமைப்பில் ஒரு குடும்பத்துக்கென வழங்கப்பட்டுவந்த 7 பேர்ச் காணியை எண்ணிப் பார்ப்போம். அதன் பரப்பு ஏறத்தாழ 177 சதுர மீற்றர். சதுரமாகக் கொள்ளின் பக்கம் பதின்மூன்று மீற்றருக்குச் சற்று மேல். முப்பது பாகைச் சரிவில் அக்காணியின் மேலெல்லைக்கும் கீழெல்லைக்கும் இடையே உயரவேறுபாடு ஏழரை மீற்றரைத் தாண்டும். அரை மீற்றருக்கு ஒன்றாகச் சமவுயரக் கோடு வரைந்தால் அச்சிறு காணியினுள்ளேயே பதினைந்து கோடுகள் புகும். யாழ்ப்பாணச் சமவெளியில் அதேயளவு காணியில் ஒரு கோடு கிடைத்தாலே பெரிது. எனவே, மலையில் வீடு கட்டுவோனின் படம் இயல்பிலேயே கனமானது. கணனி திணறுவது படவரைஞனின் குறையாலன்று. நிலத்தின் இயல்பாலேயே என்பது முதற்கண் மனங்கொளத்தக்கது.

கைப்பட மரபைப் பற்றி ஈண்டு நீள உரைக்க வேண்டியதில்லை. இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800இல் நிறுவப்பட்டது. தோட்டங்கள் தோன்றிய காலத்தில் ஒவ்வொன்றுக்கும் அளவைப் படம் இன்றியமையாததாயிற்று. அப்படங்களில் தேயிலை மலைகள் எண்ணிடப்பட்டன. லயன்கள் சிறு நீள்சதுரங்களாகக் குறிக்கப்பட்டன. லயனை வரைதல் எளிது: ஒரு காம்பராவை வரைந்தால் ஏனையவை அதன் பிரதிகளே. மனிதர் வாழும் இடத்தை இவ்வாறு ஒரே அச்சில் வார்த்த கொடுமை ஒருபுறமிருக்க, ஒன்றை வரைந்து பலவாக்கும் இக்கருத்துக் கணனிப் படவரைவின் தோற்றத்திலேயே மீண்டும் தலைகாட்டுவதைக் காண்போம்.

1963ஆம் ஆண்டு ஐவன் சதர்லண்ட் என்னும் ஆய்வு மாணவர் மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் ‘ஸ்கெச்பாட்’ என்னும் ஒழுங்கினை விளக்கினார். லிங்கன் ஆய்வுகூடத்தின் டி.எக்ஸ்-2 கணனியில், ஒளிப்பேனாவைத் திரையில் வைத்துக் கோடு வரைய அதனால் இயன்றது. அக்காலத் திரை தாளைப் போன்றதன்று. ஒளிர்ந்த புள்ளி உடனே மங்கிவிடும். ஆகவே படம் நிலைத்திருக்க வேண்டுமாயின் கணனி எல்லாப் புள்ளிகளையும் ஓயாது மீளமீள வரைந்துகொண்டிருக்க வேண்டும். கோடுகள் மிக மிகப் படம் நடுங்கிற்று. சதர்லண்ட் இதற்குக் கண்ட வழி, படத்தின் பொருளை ஓரிடத்தும் திரைக்குரிய புள்ளிகளை வேறோரிடத்துமாக நினைவகத்தில் பிரித்து வைத்தமையாகும். படம் மாறாதவரை புள்ளிகளை மீளக் கணிக்க வேண்டியதில்லை. இருப்பதைத் திருப்பிக் காட்டினாற் போதும். மூலப்படம் ஒன்றை வரைந்து அதன் பிரதிகளைப் பலவிடத்தும் நிறுத்தும் முறையையும் அவரே வகுத்தார். மூலத்தைத் திருத்தினால் பிரதிகள் யாவும் திருந்தின. பின்வந்த மென்பொருள்களில் ‘புளொக்’ எனப்படுவது இம்முறையின் வழிவந்ததே.

இக்காலத்திலேயே தாமதத்துக்கு ஓர் அளவும் வகுக்கப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த றொபேட் மில்லர் 1968இல் வெளியிட்ட கட்டுரையில், செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடையே ஏறத்தாழ 0.1 விநாடி கடந்தால் அவ்விளைவு உடனிகழ்வாகத் தோன்றாது எனக் கருதினார். படவரைவைப் பொறுத்தவரை இவ்வெல்லை இன்றும் பயனுடையது. அண்மைக்கால ஓட்டோகாட் மென்பொருளில் கட்டளைப் பெயரைத் தட்டும்போது பரிந்துரைப் பட்டியல் தோன்றுவதற்கென 0.3 விநாடி இடைவேளை இயல்பாகவே வைக்கப்பட்டிருக்கிறது. கணனி பழுதுற்றதென எண்ணிப் புதியதை வாங்குமுன், வேண்டுமென்றே வைத்த இத்தகைய இடைவேளைகளைக் குறைத்துப் பார்த்தல் நன்று.

எழுபதுகளில் டெக்ற்றோனிக்ஸ் நிறுவனத்தின் சேமிப்புக் குழாய்த் திரைகள் பரவின. அவற்றில் ஒருமுறை வரைந்த கோடு தானே நிலைத்து நின்றமையால் மீளவரைதல் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு கோட்டை அழிக்க வேண்டின் திரை முழுவதும் பச்சையாக மின்னி வெறுமையாகும். பின்னர் அனைத்தையும் முதலிலிருந்து வரைய வேண்டும். தாமதம் நீங்கவில்லை; வரையுமிடத்திலிருந்து திருத்துமிடத்துக்கு மாறிற்று. ஒருவகையில் இது கைப்படக் காலத்துக்கே திரும்பியமை எனலாம். மையைச் சுரண்டித் திருத்துவதும் வரைவதைவிட வருத்தமான வேலையன்றோ.

1982இல் ஜோன் வோக்கரும் தோழர்களும் ஓட்டோடெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கி, அவ்வாண்டின் இறுதியிலேயே ஓட்டோகாட்டை வெளிக்கொணர்ந்தனர். பெருங்கணனியின் வேலை மேசைக் கணனிக்கு இறங்கிற்று. ஐ.பி.எம். மேசைக் கணனியின் செயலி விநாடிக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம் துடிப்புகளில் இயங்கியது. தசமக் கணக்குகளைச் செய்வதற்கெனத் தனித்துணைச்செயலியும் விற்கப்பட்டது. 1987இல் வந்த ஒன்பதாம் வெளியீட்டுக்கு அத்துணைச்செயலி கட்டாயமாயிற்று. இவ்வெளிய கருவியில் பெரிய படங்களைக் கையாளவென வகுக்கப்பட்ட உபாயங்கள் நுணுகி நோக்கத்தக்கவை. கோப்பிலே ஆயங்கள் முழுத் துல்லியத்துடன் இருந்தன. திரைக்கென அவை முழுவெண்களாக மாற்றப்பட்டு வேறாக வைக்கப்பட்டன. அவ்வெல்லைக்குள் படத்தைப் பெருப்பித்தும் நகர்த்தியும் பார்த்தல் விரைவாக நடந்தது. எல்லையைத் தாண்டினாற்றான் ‘ரீஜென்’ எனப்படும் முழுமீள்கணிப்பு நிகழ்ந்தது. எழுத்துகளுக்குப் பதிலாக வெறும் பெட்டிகளைக் காட்ட ஒரு கட்டளை. நிரப்புகளை மறைக்க மற்றொன்று. வட்டத்தைச் சில நேர்கோடுகளாகக் காட்ட இன்னொன்று. இவையனைத்துக்கும் பொதுவான பண்பு ஒன்றுண்டு: காட்டுவதைக் குறைத்தனவேயன்றிக் கோப்பில் இருப்பதைக் குறைத்தன அல்ல. மறைத்ததை எப்பொழுதும் மீட்கலாம்.

இனி இதற்கு மாறான வழி. 1972இல் ஊர்ஸ் றாமரும், 1973இல் டேவிட் டக்ளஸ், தோமஸ் பியூக்கர் ஆகியோரும் வளைகோட்டிலுள்ள புள்ளிகளைக் குறைக்கும் முறையொன்றைத் தனித்தனியே வெளியிட்டனர். கோட்டின் இருமுனைகளையும் நேர்கோட்டால் இணைக்க. அதிலிருந்து மிகத் தொலைவான புள்ளியைக் காண்க. அத்தொலைவு நாம் விதித்த அளவுக்குட்பட்டதாயின் இடைப்புள்ளிகள் யாவற்றையும் நீக்குக. மிக்கதாயின் அப்புள்ளியில் கோட்டை இரண்டாகப் பிரித்து இருபாதியிலும் இதையே செய்க. எளிமையும் அழகும் வாய்ந்த முறை. சிறு அளவுத்திட்டத்தில் கடற்கரையை வரையும் படக்கலைஞன் கையால் செய்துவந்ததையே இது கணிதமாக்கிற்று. சமவுயரக் கோடுகளாற் கனத்த மலைப்படம் ஒன்றில் இதனைப் பயன்படுத்தினால் விளைவு உடனே தெரியும். கோப்புச் சுருங்கும், கோட்டுமுனைகளைத் தேடிப்பிடிக்கும் ‘ஸ்னாப்’ வசதி, நிலைகாட்டி நகருந்தோறும் ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் துழாவ வேண்டியிராமையால், கையுடன் ஒட்டி இயங்கும். மலைநாட்டுப் படங்களுக்கு இதனிலும் எளிய மருந்து இல்லை என்பதாலேயே இது எச்சரிக்கையுடன் ஆளத்தக்கது.

ஏனெனில் இங்கு நீக்கப்படுவது திரையின் புள்ளியன்று; நிலத்தின் புள்ளி. அரை மீற்றரை எல்லையாக விதித்தால், அதனினும் சிறிய நெளிவு எதுவும் படத்தில் எஞ்சாது. மழைநீர் கூடிநிற்கும் ஆழமற்ற குழிவு, முன்னொருகாற் சரிந்த மண்ணின் படிபோன்ற விளிம்பு ஆகியன பெரும்பாலும் இவ்வளவினுள்ளேயே அடங்கும். பூனாகலை அயலில் இவை அலட்சியப்படுத்தக்கூடியவை அல்ல. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாட் காலையில் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் மண்சரிவிற் புதையுண்டன. 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலைப் பகுதியிலும் மண்சரிவு குடியிருப்புகளை அழித்தது. 1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 முதல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் 1:10,000 அளவுத்திட்டத்தில் மண்சரிவு அபாயப் படங்களை ஆக்கத் தொடங்கியது. அவ்வளவுத்திட்டத்தில் நிலத்தின் அரை மீற்றர் தாளில் 0.05 மில்லிமீற்றர்; வழமையான மைக்கோலின் நுனி அதனினும் பருமனானது. ஆகவே அத்தகைய நுண்மைகளைக் காணியளவில் எடுக்கும் விரிவான அளவைப்படமே தாங்கவல்லது. அப்படத்தையும் வேகங்கருதி மெலித்துவிட்டால் அவை எவ்விடத்தும் பதிவாகாது மறையும்.

ஈண்டு ஒன்றைத் தெளிவுறக் கூறல் வேண்டும். மீரியபெத்தையில் அபாயம் உண்டென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்கள் அங்கேயே இருந்தமைக்குப் படமோ கணனியோ காரணமன்று. அந்த ஒன்பது ஆண்டுத் தாமதம் வேறு வகையினது. எமது ஆய்வு அதனை விளக்கப் புகவில்லை. ஆயினும் மாற்றிடம் தேடி வரையப்படும் படம் பிழைபடாதிருத்தல் படவரைஞரின் கையிலுள்ள பொறுப்பு.

எனவே, பரிகாரங்களை வரிசைப்படுத்துமிடத்துப் பழைய படவரைஞரின் வழியே சிறந்தது: முதலில் மறைக்க, பின்னர் பிரிக்க, இறுதியிலேயே நீக்க. சமவுயரக் கோடுகளைத் தனி ‘லேயரில்’ வைத்து, வீட்டை வரையும்போது அதனை உறையச் செய்தல் மறைத்தலின்பாற்படும். லேயரை வெறுமனே அணைப்பதைவிட உறையவைத்தலே மேல். உறைந்தவை மீள்கணிப்பிற் சேர்வதில்லை. நிலத்தைத் தனிக்கோப்பாக்கி வெளியிணைப்பாகக் கொணர்தல் பிரித்தல். ஒரே வகை வீடு எழுபத்தைந்து இடத்தில் வருமாயின் அதனை ‘புளொக்’ ஆக வைத்தல் வேண்டும். அதனைச் சிதறடித்து எழுபத்தைந்து தனிப்படங்களாக்குதல் சதர்லண்ட் அளித்த வசதியைக் கைந்நழுவவிடுவதாகும். பயன்படாத வரையறைகளைப் ‘பர்ஜ்’ கட்டளையாற் களைவதில் பொதுவாக இடரில்லை. கோப்பைத் தொலைவலையமைப்பிலோ சேமிப்புக்குச்சியிலோ இருந்தவாறு திறவாது சொந்தக் கணனிக்குப் பிரதிசெய்தல், இல்லாத இணைப்புப் பாதைகளை அகற்றுதல், வரைவியல் அட்டையின் இயக்கநிரலைப் புதுப்பித்தல் ஆகியன பலரும் அறிந்தவை. பல கருக்கள் கொண்ட விலைமிக்க செயலியை வாங்குவோர் ஏமாறுவதுமுண்டு. இவ்வகை மென்பொருளின் வேலை பெரும்பாலும் ஒரே கருவில் நடப்பதால், கருக்களின் தொகையைவிட ஒரு கருவின் வேகமே பயன்தரும்.

ஆயங்கள் பற்றிய இடர் தனித்துக் கூறத்தக்கது. இலங்கையில் 1999ஆம் ஆண்டின் அளவை ஒழுங்கில் தோற்றப்புள்ளிக்குக் கிழக்கு, வடக்கு ஆயங்கள் ஒவ்வொன்றும் 5,00,000 மீற்றர் என வைக்கப்பட்டிருக்கிறது. கோப்பு இப்பேரெண்களை இரட்டைத் துல்லியத்தில் தாங்கும். வரைவியல் அட்டைகள் வழமையாகக் கையாளும் ஒற்றைத் துல்லியமோ ஐந்து இலட்சத்தினருகில் ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றருக்குக் குறைந்ததை வேறுபடுத்தாது. சுவரின் மூலை திரையில் நடுங்குவதும், நிரப்புக் கோடுகள் குழம்புவதும், ஸ்னாப் தடுமாறுவதும் சிலவேளை இதன் விளைவே. படத்தைப் பூச்சியத்தின் அருகே நகர்த்தினால் நடுக்கம் நிற்கும். ஆனால் நகர்த்திய அளவைக் குறித்துவையாவிடின் அக்காணி எந்த மலையிலுள்ளது என்பதையே படம் மறந்துவிடும். ஆயங்களை மாற்றாது பயனர் ஆய அச்சுகளை மாத்திரம் காணியருகே அமைத்தல் எண்களைப் படிப்பதற்கு உதவும். நடுக்கத்தை அது நீக்காது. எனவே, வீட்டை வேறு கோப்பிற் பூச்சியத்தருகே வரைந்து, உரிய ஆயங்களிலுள்ள நிலப்படத்துடன் இறுதியில் இணைத்தலே தக்கது.

சமவுயரக் கோடுகளை மெலித்தே ஆகவேண்டுமெனில், அளவையாளர் தந்த மூலக்கோப்பைத் தொடாது பிரதியில் அதனைச் செய்தல் வேண்டும். மெலித்த படத்தின் தலைப்புப் பெட்டியில், அளவுத்திட்டத்துக்கும் திகதிக்கும் அருகே, விதித்த எல்லை எத்தனை சென்ரிமீற்றர் என்பதும், மூலக்கோப்பின் பெயரும், அது எவரிடத்து உள்ளது என்பதும் குறிக்கப்படுதல் வேண்டும். பத்தாண்டு கழித்து அவ்வீட்டின் பின்புறத்து மண்ணைப் பார்க்க வரும் புவிச்சரிதவியலாளர் முதலிற் கேட்பது அக்கோப்பையே.